நீரிழிவும் குடியானவரின் பாதமும்

உழவு மாடு வைத்திருக்கும் குடியானவர் ஏர் பூட்டுமுன் எருதின் குளம்பை ஒரு முறை நோக்குவது வழக்கம். லாடம் தேய்ந்திருந்தாலும், குளம்பின் பிளவில் கல் சிக்கியிருந்தாலும், மாடு நொண்டத் தொடங்குமுன்னரே அதனைக் கண்டு தக்கது செய்துவிடுவார். சந்தையில் மாடு வாங்குவோரும் பல்லைப் பார்த்தபின் காலைப் பார்க்கத் தவறுவதில்லை. ஆனால் நாள் முழுவதும் கரம்பையிலும் வரப்பிலும் நடக்கும் தம்முடைய காலின் அடிப்புறத்தை மாதத்திற்கு ஒரு முறையேனும் பார்ப்பவர் மிகச் சிலரே. வலித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்பது பொதுவான எண்ணம். வலியே தெரியாமற் போன காலுக்கு இவ்வெண்ணம் பெருந்தீங்காய் முடியும். நீரிழிவு என்றும் சர்க்கரை வியாதி என்றும் வழங்கும் நோயுடையவர்களில் அநேகருக்கு இந்நிலைமை நேருகின்றது.

நீரிழிவு பட்டணத்தாரின் நோய், உட்கார்ந்து வேலை செய்வோரின் நோய் என்று முற்காலத்தில் கருதப்பட்டது. இப்போது அவ்வாறு கூறுவதற்கில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடத்தப்பெற்று 2023-ல் வெளியான கணக்கின்படி, இந்தியாவில் நீரிழிவுடையோர் 10 கோடிக்கு மேற்பட்டவர். கிராமங்களிலும் அந்நோய் பரவியுள்ளது. 1995-ல் திருச்சிராப்பள்ளியினின்று பிரிந்த பெரம்பலூர் ஜில்லாவிலும், 2007 முதல் தனி ஜில்லாவாக நிலைத்த அரியலூரிலும் பெரும்பாலோர் நிலத்தை நம்பி வாழ்பவர். இவ்விடங்களில் ஒருவர் காலை இழப்பாராயின், அவர் இழப்பது கால் ஒன்றை மாத்திரமன்று; அந்தக் குடும்பத்தின் சாகுபடியே தடைப்பட்டு விடுகின்றது. இந்த நஷ்டத்தில் பெரும்பகுதி தடுக்கக்கூடியது. தடுக்கும் இடமும் தூரத்திலில்லை. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையமே அது.

நோயின் தன்மை

இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் அளவுக்கு மிஞ்சி நிற்குமாயின் உடலின் நரம்புகள் சிறிது சிறிதாகக் கெடுகின்றன. மிக நீண்ட நரம்புகள் முதலில் பழுதடைகின்றன. காலுக்குச் செல்லும் நரம்புகளே உடலில் நீண்டவை. ஆகையால் கால்விரல்களில் தொடங்கி மேல்நோக்கி உணர்ச்சி குறைந்து வருகின்றது. தொடக்கத்தில் எரிச்சலும், குத்தலும், பஞ்சின் மேல் நடப்பது போன்ற உணர்வும் சிலருக்கு உண்டாகும். வேறு சிலருக்கு எவ்வித அறிகுறியுமின்றியே கால் மரத்துவிடும். எரிச்சல் நின்றுவிட்டது என்று ஒருவர் மகிழும் நேரத்தில், உண்மையில் உணர்ச்சியே போய்விட்டிருத்தலும் கூடும்.

நரம்பு கெடுவதால் வேறு இரண்டு தீங்குகளும் நேருகின்றன. பாதத்தின் சிறு தசைகள் வலுக்குன்றி விரல்கள் மடங்கிக்கொள்ள, முன்பாதத்தின் அடியில் எலும்பு முனைகள் புடைத்து, உடலின் பாரமெல்லாம் அச்சிறு இடங்களில் விழுகின்றது. வியர்வை குறைந்து தோல் வறண்டு பித்தவெடிப்பு உண்டாகின்றது. பாரம் விழும் இடத்தில் காய்ப்பு ஏறி, அக்காய்ப்பே செருப்பினுள் கிடக்கும் கூழாங்கல்லைப்போல் அடியிலுள்ள சதையை நசுக்குகின்றது. மேலே காய்ப்புத் தெரியும். அதனடியில் புண் மறைந்திருக்கும்.

மூன்றாவதாக, காலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்கள் தடித்து ஒடுங்குகின்றன. பீடி, சுருட்டு முதலியன புகைப்பவருக்கு இது விரைவில் நேரும். வாய்க்கால் தூர்ந்த வயலில் பயிர் வாடுவதுபோல, இரத்தம் போதாத காலில் சிறு கீறலும் ஆறாது. இவற்றோடு சர்க்கரை மிகுந்த உடலில் கிருமிகளை எதிர்க்கும் சக்தியும் குறைந்துவிடுவதால், புண்ணில் புகுந்த விஷக்கிருமிகள் தசையிலும் எலும்பிலும் பரவுகின்றன. நீரிழிவினால் கால் எடுக்கப்பட்டவர்களில் 100-க்கு ஏறக்குறைய 85 பேருக்கு முதலில் இருந்தது ஒரு சிறு புண்ணே என்பது பல தேசங்களில் கண்டறிந்த உண்மை.

கொல்லிமலையிற் பிறந்த வைத்தியரின் ஆராய்ச்சி

மரத்துப்போன கால் எவ்வாறு அழிகின்றது என்பதை உலகம் தெளிவாக அறிந்துகொண்டது தமிழ்நாட்டில் நடந்த ஒரு வேலையினாலேயே. பெரம்பலூருக்கு மேற்கே பச்சைமலைக்கு அப்பாலுள்ள கொல்லிமலையில், 1914-ல், மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். இங்கிலாந்தில் சஸ்திர வைத்தியம் கற்று, 1946-ல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். மறு ஆண்டு செங்கற்பட்டுத் தொழுநோய் நிலையத்தில், கைகளும் கால்களும் குறைந்துபோன நோயாளிகளைக் கண்டார். அந்நோயினால் சதை தானே அழுகி உதிர்கின்றது என்பதே அக்காலத்தில் வைத்தியர்களுடைய கருத்தாகவும் இருந்தது.

பிராண்ட் அதனை அப்படியே ஏற்காமல் ஆராய்ந்தார். கிருமி கெடுப்பது நரம்பையே என்றும், நரம்பு கெட்டபின் வலியறியாத நோயாளி தம் கையையும் காலையும் தாமே காயப்படுத்திக் கொள்ளுகின்றார் என்றும், அக்காயத்தின்மேலேயே ஓயாது நடப்பதால் புண் ஆறாமல் எலும்புவரை செல்லுகின்றது என்றும் அவரும் அவருடைய துணைவரும் நிரூபித்தனர். வேலூரில் சிகிச்சை பெற்றுத் தங்கியிருந்த சிலருடைய விரல்கள் இரவிற்குள் குறைந்துபோன விந்தையும் நிகழ்ந்தது. காவலிருந்து பார்த்தபோது, உறங்குபவரின் மரத்த விரல்களை எலிகள் கடித்துத் தின்றமை வெளியாயிற்று. கடிபட்டவர் விழிக்கவேயில்லை. அதன்பின் அந்நோயாளிகளுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன. விரல் குறைவதும் நின்றது.

புண்ணுள்ள காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு, புண்ணின்மேல் பாரம் விழாமற் செய்தால், பல ஆண்டுகள் ஆறாத புண்ணும் ஆறுகின்றது என்பதும் அவர்களுடைய அனுபவத்தில் உறுதிப்பட்டது. ஆறிய கால் மறுபடியும் புண்ணாகாதிருக்க, பாரத்தைப் பாதம் முழுவதும் பரப்பித் தாங்கும் நுண்துளை ரப்பரைக்கொண்டு செருப்புகள் செய்யப்பட்டன. 1966-ல் பிராண்ட் அமெரிக்காவின் லூயிசியானா மாகாணத்திலுள்ள கார்வில் ஆஸ்பத்திரிக்குச் சென்றார். அங்கு நீரிழிவுடையோரின் பாதங்களைக் கண்டபோது அதே புண்களே அவற்றில் இருந்தன. நீரிழிவு தொழுநோயன்று, அது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதுமன்று. நரம்பைக் கெடுக்கும் காரணம் வேறு. ஆனால் மரத்த கால் அழியும் வழி ஒன்றே. வேலூரில் கற்ற சிகிச்சை நீரிழிவுக் காலுக்கும் பொருந்தியது. இன்று உலகெங்கும் நீரிழிவுப் பாதத்திற்குச் செய்யப்படும் சிகிச்சையில் மாவுக்கட்டும், பாரம் நீக்கலும், தக்க காலணியும் முக்கிய இடம் பெற்றுள்ளன.

இதிலிருந்து குடியானவர் அறிய வேண்டுவது யாதெனில், காலை அழிப்பது சர்க்கரை மாத்திரமன்று. வலியறியாத காயமும், அக்காயத்தோடு நடந்த நாட்களுமே என்பதாம். அமெரிக்க வைத்தியர் எலியட் ஜாஸ்லின் 1934-லேயே, நீரிழிவுக்காரரின் கால் அழுகுவது தெய்வச் செயலன்று, மனிதரின் கவனக்குறைவால் வருவதே என்னும் கருத்தை எழுதியுள்ளார்.

இந்த ஜில்லாக்களில் காலுக்கு நேரும் அபாயங்கள்

பெரம்பலூர், வேப்பந்தட்டை, குன்னம், ஆலத்தூர்ப் பக்கங்களில் கரிசல் நிலத்தில் பருத்தியும் மக்காச்சோளமும் மிகுதியாகப் பயிராகின்றன. மக்காச்சோளம் அறுத்தபின் நிற்கும் தட்டைக் கட்டைகளும், அரிவாளால் சாய்த்து வெட்டிய பருத்திமாரின் அடிக்கட்டைகளும் ஈட்டி முனைக்கு ஒப்பானவை. வெடித்த கரிசலின் விளிம்பில் விரல் இடறுவதும் சாதாரணம். வேலியிலும் ஏரிக்கரையிலும் பரவியுள்ள சீமைக்கருவேலின் முள் மெல்லிய ரப்பர்ச் செருப்பைத் துளைத்து உள்ளே நிற்கும். உணர்ச்சியுள்ளவர் அக்கணமே காலைத் தூக்குவார். மரத்த காலுடையவர் அந்தி வரையில் அதன் மேலேயே நடப்பார்.

ஜெயங்கொண்டம், செந்துறை, ஆண்டிமடம் பக்கத்து முந்திரித் தோப்புகளில் சருகினுள் முள்ளும் கட்டையும் மறைந்து கிடக்கும். கொள்ளிடத்தையும் புள்ளம்பாடி வாய்க்காலையும் சார்ந்த நெல் நிலங்களில் நடவு நாட்களில் பல மணி நேரம் சேற்றில் நிற்பதால் விரலிடுக்குகள் ஊறிச் சேற்றுப்புண் உண்டாகின்றது. பிறருக்கு அது இரண்டு நாள் அரிப்பு. நீரிழிவுடையவருக்கோ கிருமிகள் உட்புகும் வாசல். கரும்புத் தோட்டங்களில் தோகையின் விளிம்பு கீறுதலும், வெட்டிய கட்டை குத்துதலும் உண்டு.

நிலத்திற்கு வெளியிலும் அபாயங்கள் உள. சித்திரை வெயிலில் களத்துமேட்டிலும், தார்ச்சாலையிலும், கோயிற் பிராகாரத்துக் கருங்கல்லிலும் வெறுங்காலோடு நடப்பதால் மரத்த பாதம் கொப்புளிக்கும். சமயபுரத்திற்குப் பாதயாத்திரை செல்லும் வழக்கம் இவ்விரு ஜில்லாக்களிலும் மிகுதி. நீரிழிவினால் கால் மரத்தவர் வெறுங்காலோடு அத்தகைய தூரம் நடப்பதையும் தீமிதிப்பதையும் தவிர்த்து, வேறு வகையில் பிரார்த்தனையைச் செலுத்துவது நலம். தானியம் சேர்த்துவைக்கும் வீட்டில் எலி நடமாட்டம் இருக்குமாதலால், வேலூரில் நடந்தது எங்கும் நடக்கக்கூடும். கால் மரத்தவர் தரையில் படுக்காமல் கட்டிலில், பாதத்தைப் போர்த்துப் படுத்தல் வேண்டும்.

பத்து நாட்களில் நிகழ்வது

பருத்தி எடுத்து முடிந்த நிலத்தில் ஒருவருக்கு அடிக்கட்டை குத்திவிட்டதாகக் கொள்ளலாம். அவருக்கு எட்டு ஆண்டுகளாக நீரிழிவு. மாத்திரையை ஒழுங்காக உண்பதில்லை. முதல் நாள் இரவு காலைக் கழுவும்போது சிறிது இரத்தம் தெரிகின்றது. வலியில்லாமையால் மஞ்சளை அப்பி விடுகின்றார். மூன்றாம் நாள் மேல்வாய் மூடிக்கொள்ளுகின்றது. புண் ஆறிவிட்டது என்று எண்ணி வெங்காய நடவுக்குத் தண்ணீர் கட்டச் செல்லுகின்றார். ஐந்தாம் நாள் பாதம் சற்று வீங்கிச் செருப்பு இறுகுகின்றது. அப்போதும் வலியில்லை. ஏழாம் நாள் குளிர்காய்ச்சல் வருகின்றது. மழைக் காய்ச்சல் என்று கடையில் மாத்திரை வாங்கி விழுங்குகின்றார். ஒன்பதாம் நாள் துர்நாற்றமும், விரலில் கருமையும் காண்கின்றன. பத்தாம் நாள் வாடகை வண்டியில் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லப்படுகின்றார். அங்கே உயிரைக் காப்பதற்காக விரலையோ, பாதத்தையோ, முழங்காலுக்குக் கீழுள்ள பகுதியையோ எடுக்க வேண்டி நேரலாம்.

இதில் முதல் நாளே அவர் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்றிருப்பாராயின், புண்ணைக் கழுவி, முறிந்த துண்டை எடுத்து, ரணஜன்னித் தடுப்பு ஊசி போட்டு, சர்க்கரையைச் சோதித்து, வேண்டிய மருந்து கொடுத்து, சில நாள் காலூன்றாதிருக்கச் சொல்லி அனுப்பியிருப்பார்கள். ஐந்தாம் நாள் சென்றிருந்தாலும் கால் பிழைப்பதற்கு இடமுண்டு. பத்தாம் நாள் எவ்வளவு பெரிய வைத்தியரிடம் சென்றாலும் இழந்த நாட்களை அவர் மீட்டுத்தர இயலாது. நோயாளி வைத்தியசாலையில் கிடக்கும் மாதங்களில் வீட்டாரில் ஒருவர் உடனிருக்க வேண்டும். இருவரின் வேலையும் நின்று, பருவம் தவறி, கடன் ஏறுகின்றது. ஒரு கால் போனபின் மற்றக் காலில் பாரம் மிகுவதால் அதுவும் ஆபத்திற்குள்ளாகின்றது.

ஆரம்ப சுகாதார நிலையம் செய்யக்கூடியது

1948-ல் டாக்டர் எம். விசுவநாதன் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நீரிழிவுக்கெனத் தனிச் சிகிச்சைப் பகுதியைத் தொடங்கிய காலத்தில், இந்நோய்க்குத் தனிக் கவனம் பெற விரும்பியவர் சென்னைக்கே செல்ல வேண்டியிருந்தது. அதற்கு இரண்டாண்டு முன்னர், 1946-ல், சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த குழு, கிராமந்தோறும் வைத்தியம் எட்டுமாறு ஆரம்ப சுகாதார நிலையங்களை அமைக்க வேண்டுமெனச் சிபாரிசு செய்தது. அதன் பயனாக இன்று சமவெளியில் ஏறக்குறைய 30,000 ஜனங்களுக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையமும், 5,000 ஜனங்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையமும் என்னும் அளவு வகுக்கப்பட்டுள்ளது. நீரிழிவுக்குரிய மாத்திரைகள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தின்படி, நீரிழிவு, இரத்தக் கொதிப்பு ஆகியவற்றிற்குரிய மாத்திரைகளைப் பெண் தன்னார்வலர்கள் வீட்டிற்கே கொண்டுவந்து தருகின்றனர். பாதம் பாதுகாப்போம் என்னும் பெயரால், நீரிழிவுடையோரின் கால்களைச் சுகாதார நிலையங்களிலேயே சோதித்துப் புண்ணைத் தடுக்கும் திட்டமொன்றையும் தமிழ்நாட்டு அரசு வகுத்துள்ளது.

மாத்திரை வீட்டிற்கு வருவது பெரும் உதவியே. எனினும் மாத்திரை வருகின்றது என்பதனால் காலைக் காட்டாமலிருத்தல் தகாது. மாத்திரை கொண்டுவருபவரிடமும், கிராம சுகாதார செவிலியரிடமும் செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டுவதை ஒவ்வொரு நோயாளியும் வழக்கமாகக் கொள்ள வேண்டும். நீரிழிவு கண்டுபிடிக்கப்பட்ட நாளிலேயே சிலருக்குக் கால் மரத்திருக்கும்; ஆதலால் புதிதாக நோய் கண்டவரும் பாதச் சோதனை செய்துகொள்ளுதல் அவசியம்.

சோதனை எளியது. பத்து கிராம் அழுத்தத்தில் வளையக்கூடிய நைலான் இழையொன்றைப் பாதத்தின் அடியில் குறித்த இடங்களில் தொட்டு, நோயாளி உணர்கின்றாரா என்று கேட்பார்கள். மேற்பாதத்திலும், உட்கணுக்காலின் பின்புறத்திலும் நாடித் துடிப்பைத் தொட்டுப் பார்ப்பார்கள். விரல் மடங்கியிருக்கின்றதா, காய்ப்பு உள்ளதா, முன்னர்ப் புண் வந்ததுண்டா என்று விசாரிப்பார்கள். சில நிமிஷங்களில் முடியும் இச்சோதனையினால் எவருடைய கால் ஆபத்திலிருக்கின்றது என்பது தெரிந்துவிடும். நீரிழிவுப் பாதத்தைப் பற்றிய சர்வதேச நிபுணர் குழு, உணர்ச்சியும் நாடியும் நன்றாயுள்ளவர் ஆண்டுக்கு ஒரு முறையும், இவற்றுள் ஒன்று குறைந்தவர் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்திற்கு ஒரு முறையும், இரண்டும் குறைந்தவரும், ஒன்று குறைந்து பாதத்தின் உருவமும் மாறியவரும் மூன்று முதல் ஆறு மாதத்திற்கு ஒரு முறையும், உணர்ச்சியோ நாடியோ குறைந்து முன்னர்ப் புண்ணோ விரலிழப்போ நேர்ந்தவர் ஒன்று முதல் மூன்று மாதத்திற்கு ஒரு முறையும் சோதித்துக்கொள்ள வேண்டுமெனக் கூறுகின்றது.

சுகாதார நிலையத்தில் முடியாததை மேலிடத்திற்கு அனுப்புவதும் அந்நிலையத்தாரின் கடமைகளுள் ஒன்றாம். பெரம்பலூரில் ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரியும், அரியலூரில் 2022-ல் திறந்துவைக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளன. ஆழ்ந்த புண், எலும்பு தெரியும் புண், நாடி கிடைக்காத கால் ஆகியவற்றை அங்கே காட்டுதல் வேண்டும். இரத்தக் குழாயின் அடைப்பை நீக்கினால் எடுக்க வேண்டியதாகத் தோன்றிய காலும் பிழைப்பதுண்டு.

வீட்டில் செய்யத்தக்க சோதனை

கருவி எதுவுமின்றி வீட்டாரே செய்யக்கூடிய சோதனை ஒன்றும் உளது. நோயாளி கால் நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மனைவியோ, மகனோ, மருமகளோ சுட்டுவிரல் நுனியால் அவருடைய இரு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை ஒவ்வொன்றாக, இரண்டு விநாடிக்கு மேற்படாமல், அழுத்தாமலும் தடவாமலும் மெல்லத் தொட வேண்டும். தொட்டது தெரிந்தவுடன் வலது என்றோ இடது என்றோ அவர் சொல்ல வேண்டும். ஆறு விரல்களில் இரண்டோ அதற்கு மேற்பட்டவையோ தெரியாவிடில், உணர்ச்சி குறைந்திருக்கின்றது என்று கொண்டு சுகாதார நிலையத்தில் காட்டுதல் வேண்டும்.

நாள்தோறும் வேலை முடிந்து கால் கழுவியபின் விளக்கு வெளிச்சத்தில் பாதத்தின் அடி, குதிகால், விரலிடுக்கு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். கண்பார்வை குன்றியவருக்கு வீட்டார் பார்த்துச் சொல்ல வேண்டும். புறங்கையால் இரு பாதங்களையும் தொட்டுப் பார்ப்பதும் பயனுள்ளது. ஒரு பாதத்தின் ஓரிடம் மற்றப் பாதத்தின் அதே இடத்தினும் சூடாயிருக்குமாயின், அங்கே தோலினடியில் கேடு தொடங்கியிருக்கலாம். புண்ணே இல்லாமல் பாதம் சிவந்து, சூடேறி, வீங்கி, வலியுமின்றி இருந்தால், எலும்பும் மூட்டும் நொறுங்கத் தொடங்கியதன் அறிகுறியாக அது இருக்கக்கூடும். அத்தகைய காலை ஊன்றி நடக்காமல் அன்றே வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

காலணி

கால் மரத்தவர் வீட்டிற்குள்ளும் வெறுங்காலோடு நடத்தல் கூடாது. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே வார் செல்லும் செருப்பு அவ்விடத்தை உரசிப் புண்ணாக்கும். உணர்ச்சியற்ற காலினின்று அது நழுவி விழுந்தாலும் தெரியாது. குதிகாலில் வார் பூட்டியதும், முன்பக்கம் அகன்றதும், அடித்தோல் முள்ளேறாத கடினமும் உள்தோல் மென்மையும் உடையதுமான செருப்பே தக்கது. பாதம் மாலையில் சற்றுப் பெருக்குமாதலால், மாலை வேளையில் செருப்பு வாங்குதல் நலம். புதுச் செருப்பை முதல் நாளே முழு நேரமும் அணியாமல், ஒரு மணி, இரண்டு மணி என்று பழக்க வேண்டும். அணியுமுன் கையை உள்ளே விட்டுக் கல், முள், ஆணிமுனை உண்டா என்று தடவுதலும், அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தலும் நாள்தோறும் செய்ய வேண்டியவை.

சேற்றில் இறங்க வேண்டியவர் கால் அளவுக்குப் பொருந்திய ரப்பர் பூட்ஸ் அணியலாம். உள்ளே நீர் புகுந்தால் உடனே கழற்றிக் காலைத் துடைத்துக்கொள்ள வேண்டும். காலில் திறந்த புண் இருக்கையில் சேற்றில் இறங்குதல் அறவே கூடாது. அன்றைய நடவுக்கு மாற்றாள் வைப்பதன் கூலி, பின்னர் ஆகும் செலவை நோக்க மிகச் சிறியது.

நிலத்திலேயே செய்யத்தக்கனவும் சில உள. பருத்திமாரைச் சாய்த்து வெட்டாமல் வேரோடு பிடுங்கி அகற்றினால் காலில் குத்தும் கட்டை இல்லாதொழிவதோடு, இளஞ்சிவப்புக் காய்ப்புழு அடுத்த போகத்திற்குத் தங்குவதும் குறையும். மக்காச்சோளக் கட்டையை அறுவடைக்குப்பின் காலந்தாழ்த்தாமல் உழுது மடக்குவதால் நிலத்திற்கு மட்கும் கிடைக்கும், காலும் பிழைக்கும். நடைவரப்பில் சீமைக்கருவேல் முள்ளைப் பரப்பி அடைக்கும் வழக்கத்தை நிறுத்துதல் நன்று.

செய்யத் தகாதவை

(1) காய்ப்பையும் கால் ஆணியையும் பிளேடால் சீவுதலும், எருக்கம்பாலோ கடையில் விற்கும் ஆணிப் பட்டையோ வைத்து எரித்தலும் கூடாது. சுகாதார நிலையத்தில் அவற்றை முறைப்படி நீக்கச் செய்யலாம்.

(2) புண்ணில் சாம்பல், காப்பிப் பொடி, சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் முதலியவற்றை இடுதல் கூடாது. சுத்தமான நீரால் கழுவி, வெளுத்த துணியால் மூடிக்கொண்டு செல்வதே போதுமானது.

(3) மரத்த காலுக்கு வெந்நீர் ஒற்றடமும் நெருப்புச் சூடும் ஆகா. குளிக்கும் நீரின் சூட்டைக் காலால் அறிய முயலாமல் முழங்கையால் அறிதல் வேண்டும்.

(4) காலை நெடுநேரம் நீரில் ஊறவைத்தல் கூடாது. கழுவியபின் விரலிடுக்கைத் துடைத்து உலர்த்தி, குதிகாலுக்கும் அடிப்பாதத்திற்கும் தேங்காயெண்ணெய் தடவலாம். விரலிடுக்கில் எண்ணெய் ஆகாது.

(5) நகத்தை ஓரங்களில் குடைந்து வெட்டாமல் நேராக வெட்ட வேண்டும்.

(6) சர்க்கரை குறைந்துவிட்டதென்று வைத்தியரைக் கேளாமல் மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்துதல் கூடாது. கெட்ட நரம்பை முற்றும் பழைய நிலைக்குக் கொணர்தல் அரிது. சர்க்கரையை அடக்கினால் மேலும் கெடாமல் காக்கலாம்.

(7) புகையிலையை எவ்வகையிலும் உபயோகித்தல் கூடாது.

தாமதியாமல் செல்ல வேண்டிய நிலைமைகள்

தோல் கிழிந்த எந்தக் காயத்தையும், கொப்புளத்தையும், சேற்றுப்புண்ணையும், வலியிருந்தாலும் இல்லாவிடினும், அன்றோ மறுநாளோ சுகாதார நிலையத்தில் காட்டுதல் வேண்டும். புண்ணைச் சுற்றிய சிவப்பு இரண்டு விரற்கடை அளவுக்குப் பரவினாலும், சீழோ துர்நாற்றமோ கண்டாலும், விரல் நீலமாகவோ கருமையாகவோ மாறினாலும், பாதம் வீங்கிக் காய்ச்சல் வந்தாலும், மறுநாள் வரையில் காத்திருத்தல் ஆகாது. 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குச் செல்லுதல் வேண்டும். அறுவடையும் களமும் இரண்டு நாள் பொறுக்கும். விஷம் ஏறும் கால் பொறுக்காது.

வலி என்பது உடலுக்கு இயற்கை வைத்த காவல். அந்தக் காவல் நீங்கிய காலுக்கு, அதன் வேலையைக் கண்ணும் கையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். மாலையில் இரண்டு நிமிஷம் பாதத்தைப் பார்த்தல், வெறுங்காலோடு நடவாமை, காயம் பட்ட அன்றே காட்டுதல் ஆகிய இம்மூன்றிற்கும் பணச் செலவு அதிகமில்லை. பஞ்சாயத்தாரும், உழவர் சங்கத்தாரும், மகளிர் குழுக்களும் தத்தம் கிராமத்தில் நீரிழிவுடையோரைத் திரட்டி, கிராம சுகாதார செவிலியர் வரும் நாளில் எல்லோருடைய பாதமும் சோதிக்கப்பெறுமாறு ஏற்பாடு செய்வார்களாயின், பல குடும்பங்களின் உழைப்பு காக்கப்படும்.